மருந்து நுழையும் வாசல்: போர்ட் பொருத்தும் இடமும் அதன் நெடிய வரலாறும்



திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் இயந்திரத்தின் முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் அமர்ந்து உழைத்தவர் எங்கள் சாச்சி. அவருக்கு இடப்புற மார்பில் புற்றுநோய் என்று உறுதியானபோது, சிகிச்சையைத் தொடங்கும் முன் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். "பல மாதங்களுக்குக் கீமோ மருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. கை நரம்புகள் தாங்காது. போர்ட் பொருத்திவிடலாம். எங்கே வைப்பது என்பது பற்றி நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?" அறையில் எங்கள் வீட்டார் நால்வர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "எங்கே வைத்தாலும் சரி, நீங்களே பார்த்துச் செய்யுங்கள் டாக்டர்" என்றார் சாச்சா. அத்துடன் பேச்சு முடிந்தது.

அன்றிரவு இஷாத் தொழுகைக்குப் பின் சாச்சி எங்களிடம் மூன்று கேள்விகள் கேட்டார். நெஞ்சில் அது இருந்தால் சஜ்தா செய்ய முடியுமா? மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறையும் மார்பைத் திறந்து காட்ட வேண்டுமா? எல்லாம் முடிந்த பின் பழையபடி மெஷினில் உட்கார முடியுமா? மூன்றுக்கும் எங்களிடம் விடை இல்லை. மருத்துவரின் முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை, கேட்கும் வாய்ப்பு கடந்த பிறகு வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் ஒன்று புரிந்தது. நோயாளியின் உடலில் எந்த நாளத்தை, எந்த இடத்தில் அணுகுவது என்னும் கேள்விக்குப் பல நூற்றாண்டு வயது இருக்கிறது. அதற்குக் கிடைத்த ஒவ்வொரு நல்ல விடையும், நோயாளி அன்றாடம் எப்படி வாழ்கிறார் என்று யாரோ ஒருவர் கவனித்ததால் கிடைத்திருக்கிறது. அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறோம். இதைப் படிக்கும் குடும்பங்களுள் ஒன்றேனும் மருத்துவர் கேட்கும்போது மௌனமாக இராது என்பதே நம் நோக்கம்.

இடம் பார்த்துச் செய்த மருத்துவம்

நம் மார்க்க வரலாற்றில் நாளங்களைப் பற்றிய செய்திகள் பல உண்டு. நபி (ஸல்) அவர்கள் இரத்தம் குத்தி எடுக்கும் ஹிஜாமா சிகிச்சையைக் கழுத்தின் இரு பக்க நாளங்களிலும், தோள்களுக்கு இடைப்பட்ட மேல்முதுகிலும் செய்துகொண்டதாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்கின்றன. இஹ்ராம் நிலையில் தலைவலி கண்டபோது தலையிலும், காலில் வலி இருந்தபோது பாதத்தின் மேற்பகுதியிலும் செய்துகொண்டதாக அறிவிப்புகள் உள்ளன. நோய்க்கும் தேவைக்கும் ஏற்ப இடம் மாறியது என்பதை இவற்றிலிருந்து அறிகிறோம்.

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு நடந்த அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கையில் அம்பு பாய்ந்தது. காயம் பட்ட நாளத்தை 'அக்ஹல்' என்று ஹதீஸ் நூல்கள் பெயரிட்டே குறிப்பிடுகின்றன. கையின் நடுவே ஓடும் அந்த நாளத்தின் தொடர்ச்சியில்தான் இன்றும் மருத்துவமனைகளில் நமக்கு இரத்தம் எடுக்கிறார்கள். அடிக்கடி அருகிருந்து நலம் விசாரிக்க வசதியாக, ஸஅத் அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கச் செய்தார்கள் நபி (ஸல்) அவர்கள். சிகிச்சை நடக்கும் இடம் நோயாளிக்கு அணுக்கமாக இருக்க வேண்டும் என்ற அக்கறையை அங்கே காண்கிறோம்.

பின்னர் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, 30 பகுதிகள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' என்னும் மருத்துவக் களஞ்சியத்தை எழுதினார். அவர் மறைந்தது 1013-ஆம் ஆண்டளவில். அந்நூலின் கடைசிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம் பற்றியது. இரத்தம் எடுப்பதற்குரிய நாளங்களை உடலின் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்த நோய்க்கு எதைத் தேர்வது, எப்படிக் கட்டுவது, எவ்வாறு வெட்டுவது என்று அதில் விளக்குகிறார். பயன்படுத்திய கருவிகளின் படங்களையும் வரைந்து வைத்தார்.

அதே பகுதியில் இன்னொரு செய்தியும் உண்டு. பெண்ணுக்குச் சிறுநீர்ப்பைக் கல் அகற்ற வேண்டி வந்தால், தேர்ந்த பெண் மருத்துவரைத் தேடும்படியும், அவ்வாறு ஒருவர் கிடைப்பது அரிது என்பதால், கிடைக்காவிடில் நம்பகமான மருத்துவரும் அனுபவமுள்ள மருத்துவச்சியும் சேர்ந்து செய்யும்படியும் அவர் வழி சொல்கிறார். பெண் நோயாளியின் நாணத்தைக் காரணம் காட்டி அவர் சிகிச்சையை மறுக்கவில்லை. சிகிச்சையைக் காரணம் காட்டி நாணத்தைப் புறக்கணிக்கவும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட இந்த நடைமுறை, எங்கள் சாச்சியின் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடையாக எங்களுக்குப் பட்டது.

உள்ளே செலுத்தும் காலம்

அதுவரையிலான மருத்துவம் நாளத்திலிருந்து பெரும்பாலும் இரத்தத்தை வெளியே எடுத்தது. மருந்தை உள்ளே செலுத்த வேண்டுமானால், இரத்தம் உடலுக்குள் எப்படிப் பயணிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் பணிபுரிந்த இப்னு அந்நஃபீஸ், 1242-இல் இப்னு சீனாவின் உடற்கூற்றியலுக்கு எழுதிய விரிவுரையில், இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றுடன் கலந்து, இடப்புற அறைக்கு வருகிறது என்று எழுதினார். இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் துளைகள் இருப்பதாக நம்பப்பட்டு வந்த கருத்தை மறுத்தார். நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இந்தச் செய்தியை, 1924-இல் ஜெர்மனியில் ஆய்வு செய்த எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ, பெர்லின் நூலகத்தின் கையெழுத்துப் படி ஒன்றிலிருந்து வெளிக்கொணர்ந்தார்.

இன்று போர்ட்டின் குழாய் முனை நிற்கும் இடம் இதயத்தின் வலப்புற மேலறையின் வாசலாகும். அங்கே விழும் மருந்து வலப்புற அறைகளைக் கடந்து, நுரையீரல் வழியாக இடப்புறம் வந்து, பின் உடலெங்கும் பரவுகிறது. இப்னு அந்நஃபீஸ் எழுதி வைத்த அதே பாதைதான்.

உடல் முழுவதுமான இரத்த ஓட்டத்தை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-இல் விளக்கினார். அதற்குப் பின் 1656-இல் கிறிஸ்டோபர் ரென் என்பவர், பறவை இறகின் தண்டையும் விலங்கின் சிறுநீர்ப்பையையும் கருவியாகக் கொண்டு, நாய் ஒன்றின் நாளத்தில் மருந்து செலுத்திக் காட்டினார். 1832-இல் காலரா கொள்ளைநோய் பரவியபோது, ஸ்காட்லாந்தின் லீத் நகர மருத்துவர் தாமஸ் லாட்டா, நீர் வற்றிச் சாகும் நிலையிலிருந்தவர்களின் நாளத்தில் உப்புநீரை ஏற்றிச் சிலரைப் பிழைக்க வைத்தார். இன்று நாம் 'குளுக்கோஸ் ஏற்றுதல்' என்று பொதுவாகச் சொல்லும் சிகிச்சைக்கு அதுவே முன்னோடி.

இதயத்தின் அருகில் வரை குழாயைக் கொண்டு செல்வது உயிருக்கே ஆபத்து என்றுதான் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெரும்பாலோர் நம்பினர். 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் பயிற்சி மருத்துவராக இருந்த வெர்னர் ஃபோர்ஸ்மன், தன் இடது முழங்கையின் உட்புற நாளத்தைத் திறந்து, 65 செ.மீ. நீளத்துக்கு மெல்லிய குழாயைச் செலுத்தினார். பின்னர் எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, அதன் முனை இதயத்தை எட்டியதைப் படம் எடுத்துக் காட்டினார். அவருக்கு முதலில் கிடைத்தது கண்டனம். 1956-இல் வேறு இருவருடன் சேர்ந்து நோபல் பரிசு கிடைத்தது. 1952-இல் பிரெஞ்சு மருத்துவர் ரோபேர் ஓபானியாக், காறை எலும்பின் அடியில் ஓடும் பெரிய நாளத்தை ஊசியால் எட்டும் முறையை வெளியிட்டார். முழங்கையிலிருந்து நெஞ்சுக்கு வாசல் மாறத் தொடங்கியது அப்போதுதான்.

தொங்கிய குழாயும் தோலடி வாசலும்

ஏன் பெரிய நாளம் வேண்டும்? புற்றுநோய் மருந்துகளின் இயல்பு அப்படி. போர்க்கள நச்சுவாயு ஒன்றின் வழிவந்த மருந்து 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்கு நாளத்தின் வழியே ஏற்றப்பட்டது. அதன் பின் வந்த பல கீமோ மருந்துகளும் கையின் சிறு நாளங்களை எரித்துக் கெட்டிப்படுத்தக் கூடியவை. அவற்றுள் சில நாளத்தை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதையே புண்ணாகிவிடும். இதயத்தின் அருகிலுள்ள பெரிய நாளத்திலோ இரத்தம் வெள்ளமாக ஓடுகிறது. மருந்து விழுந்த நொடியிலேயே கலந்து நீர்த்துவிடுகிறது. எங்கள் மருத்துவர் "கை நரம்புகள் தாங்காது" என்று சொன்னதன் பொருள் இதுதான்.

1973-இல் சியாட்டில் நகரில் ப்ரோவியாக் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், வாயால் உண்ண இயலாதவர்களுக்கு வீட்டிலேயே ஊட்டச்சத்து ஏற்ற, நெஞ்சின் தோலடியில் சிறிது தூரம் ஓடிப் பெரிய நாளத்தில் நுழையும் மென்குழாயை அமைத்தனர். அதே ஊரைச் சேர்ந்த ராபர்ட் ஹிக்மன் 1979-இல் அதைப் பருமனாக்கி, எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்கு ஏற்றதாக்கினார். இவை பல உயிர்களைக் காத்தன. ஆயினும் குழாயின் மறுமுனை நெஞ்சிலிருந்து வெளியே தொங்கியது. குளிப்பதற்கு அச்சம். கட்டை அடிக்கடி மாற்ற வேண்டும். குழந்தை இழுத்துவிடுமோ என்ற கவலை வேறு. மருந்து ஏற்றாத நாள்களிலும் நோயாளி நோயாளியாகவே இருக்க நேர்ந்தது.

இந்தச் சுமைக்கு விடையாகவே 1982-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் நீடர்ஹூபரும் அவருடைய குழுவினரும், குழாயையும் மருந்து நுழையும் வாயையும் முழுமையாகத் தோலுக்கு அடியிலேயே பதிக்கும் முறையை வெளியிட்டனர். போர்ட் என்று நாம் சொல்வது இதுதான். ஏறத்தாழ ஒரு சட்டைப் பித்தான் அல்லது பெரிய நாணயம் அளவுள்ள சிறு குப்பி. அதன் மேல்மூடி தடித்த சிலிக்கோனால் ஆனது. குப்பியிலிருந்து மென்குழாய் நாளத்துக்குள் போகிறது. மருந்து ஏற்றும் நாளில் தோலின் வழியே ஊசியைக் குத்துவார்கள். முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். மற்ற நாள்களில் வெளியே எதுவும் தெரியாது. புண் ஆறிய பின் குளிக்கலாம், வேலைக்குப் போகலாம்.

இதில் பயன்படும் ஊசியைத் திருப்பூர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. பின்னல் துணியைக் கூர்முனை ஊசியால் தைத்தால் இழை அறுந்து ஓட்டை விழும். அதனால்தான் இழையை விலக்கி வழிதேடும் பால் பாயிண்ட் ஊசியை நாம் போடுகிறோம். சாதாரண ஊசியைச் சிலிக்கோன் மூடியில் திரும்பத் திரும்பக் குத்தினால், அது சிறு துணுக்குகளைச் செதுக்கி எடுத்துவிடும். ஹூபர் ஊசியின் வளைந்த முனையோ மூடியைச் செதுக்காமல் பிளந்து வழிகொள்ளும். ஊசியை எடுத்ததும் பிளவு தானாக மூடிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான முறை குத்தினாலும் மூடி தாங்குவது இதனால்தான். போர்ட் உள்ளவர்கள் வேறிடத்தில் சிகிச்சை பெற நேர்ந்தால், "இதற்குரிய ஊசி இருக்கிறதா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இடத்தை முடிவு செய்வது எப்படி?

இனி முதன்மையான கேள்விக்கு வருவோம். பெரும்பாலும் போர்ட்டை வலப்புற நெஞ்சில், காறை எலும்புக்குக் கீழே பதிக்கிறார்கள். வலப்புறக் கழுத்து நாளத்திலிருந்து இதயத்துக்குச் செல்லும் வழி ஏறத்தாழ நேராக இருப்பது முதல் காரணம். அடியில் விலா எலும்பு இருப்பதால் ஊசி குத்தும்போது போர்ட் அசையாமல் நிற்பது இரண்டாவது காரணம். காறை எலும்பின் அடியிலுள்ள நாளத்தின் வழியே செலுத்தும்போது, சிலருக்கு அந்த எலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையே குழாய் நசுங்கி, நாளடைவில் முறிந்துவிடுவதும் உண்டு. அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தும் வசதி வந்த பின், கழுத்து நாளத்தைத் தேர்வது பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

மார்பகப் புற்றுநோய் என்றால் பொதுவாக நோய் இல்லாத பக்கத்தையே தேர்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கும் கதிர்வீச்சுக்கும் அந்தப் பக்கம் தடையின்றி இருக்க வேண்டும் அல்லவா? பேஸ்மேக்கர் பொருத்தியிருந்தாலோ, ஒரு பக்க நாளத்தில் முன்பே இரத்தம் உறைந்திருந்தாலோ அதற்கேற்ப முடிவு மாறும். மேல்கையின் உட்புறத்திலும் சிறிய போர்ட் பதிக்கலாம். நெஞ்சில் தழும்பு வேண்டாம் என்போருக்கும், மார்பைத் திறக்கத் தயங்குவோருக்கும் அது ஏற்றது. ஆனால் கையின் நாளம் சிறியது. இரத்தம் உறையும் வாய்ப்பு, கையின் அசைவு, அந்தக் கையில் செய்யும் கடின வேலை ஆகியவற்றையும் மருத்துவர் எண்ணிப் பார்ப்பார்.

இவை மருத்துவர் அறிந்தவை. அவர் அறியாதவையும் உண்டு. அவற்றை நாம்தான் சொல்ல வேண்டும். எந்தக் கையால் வேலை செய்கிறோம்? துணிக் கட்டைத் தோளில் சுமக்கிறோமா? கைப்பையின் பட்டை எந்தத் தோளில் விழும்? வாகனம் ஓட்டினால் சீட் பெல்ட் எந்தப் பக்கம் அழுத்தும்? கைக்குழந்தையை எந்தப் பக்கம் அணைக்கிறோம்? எந்தப் பக்கம் சாய்ந்து உறங்குகிறோம்? நம்மில் பலர் சுன்னத்தைப் பேணி வலப்புறம் சாய்ந்து உறங்குபவர்கள். வலப்புறம் போர்ட் பதித்தால் முதல் சில நாள்கள் அது உறுத்தும். பின்னர் பழகிவிடும் என்றாலும் முன்பே அறிந்திருந்தால் மனம் கலங்காது.

எங்கள் குடும்பம் மறுநாளே மருத்துவரிடம் திரும்பிச் சென்றது. இம்முறை சாச்சியே பேசினார். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். இடப்புறம் நோய் என்பதால் வலப்புறமே ஏற்றது என்றும், கையில் வைப்பதைவிட நெஞ்சே அவருக்குப் பாதுகாப்பு என்றும் காரணத்துடன் விளக்கினார். பின்னர் சாச்சியை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, உள்ளாடையின் பட்டையும் பையின் பட்டையும் படும் இடங்களைக் கேட்டு, அவற்றை விலக்கி அடையாளம் இட்டார். இடம் மாறியது இரு விரற்கடை அளவுதான். ஆனால் அந்த இரு விரற்கடையைச் சாச்சி தாமே தேர்ந்திருந்தார். அறுவை அறைக்குள் போகும்போது அவர் முகத்தில் முந்தைய நாளின் அச்சம் இல்லை.

தொழுகையும் ஆடையும்

உளூவில் கழுவும் உறுப்புகளுள் நெஞ்சு இல்லை. கையைக் கழுவுவதும் முழங்கை வரைதான். ஆகவே நெஞ்சில் வைத்தாலும் மேல்கையில் வைத்தாலும் உளூவுக்குத் தடையில்லை. குளிப்பு கடமையானால், புண் ஆறிய பின் போர்ட் தோலுக்கு அடியில் இருப்பதால் தண்ணீர் தோலில் படுவதற்கும் தடையில்லை. கட்டு இருக்கும் நாள்களில் மட்டும் கட்டின் மீது மஸ்ஹு செய்வது, தயம்மும் ஆகியவற்றின் சட்டங்கள் வரும். ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கு இடையே இதில் நுட்பமான வேறுபாடுகள் இருப்பதால், தத்தம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்வதே முறை.

புண் ஆறிய பின் சஜ்தா செய்யலாம் என்று எங்கள் மருத்துவர் சொன்னார். ஆறும் வரை குனிவது வலித்தால், உட்கார்ந்தோ சாடையாலோ தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. கீமோ நாள்களில் நோன்பு நோற்க இயலாதவருக்கும் நோயாளிக்குரிய சலுகை உண்டு. சலுகையை ஏற்பது ஈமானின் குறைவு ஆகாது.

மறைக்க வேண்டிய பகுதியை மருத்துவத் தேவைக்காகத் தேவையான அளவு மட்டும் திறப்பதற்கு அனுமதி இருக்கிறது. அந்த அளவை நாமும் குறைத்துக்கொள்ளலாம். ஊசி குத்தப் பெண் செவிலியர் வேண்டும் என்றும், திரையை இழுத்துவிடும்படியும் கேட்கலாம். முன்புறம் பித்தான் உள்ள ஆடை அணிந்து, மேலே ஒரு துப்பட்டாவும் போட்டுக்கொண்டால், காறை எலும்பின் அருகே சிறு பகுதி மட்டுமே வெளியே தெரியும்.

இங்கே நம் ஊருக்கு ஒரு வேண்டுகோள். 1925-இல் குலாம் காதர் தொடங்கிய பேபி நிட்டிங் நிறுவனத்தைத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் தொடக்கமாகச் சொல்வர். அன்று தொடங்கிய தொழில் இன்று உலகெங்கும் ஆடை அனுப்புகிறது. காறை எலும்பின் அருகே மட்டும் அமுக்குப் பித்தானால் திறந்து மூடக்கூடிய, நெஞ்சு முழுவதும் மறைக்கும் மென்மையான பருத்திப் பின்னலாடை ஒன்றை நம் ஊரில் தைக்க முடியாதா? ஒரு தையற்காரருக்கு அரை மணி நேர வேலை. ஏற்றுமதியில் மிஞ்சிய துணியே போதும். நம் ஜமாஅத்துகளும் தொழில் செய்யும் சகோதரர்களும் முயன்றால், கீமோ பிரிவில் அமர்ந்திருக்கும் சகோதரிகளுக்கு, அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், அது நல்லதொரு ஸதகாவாக அமையும்.

சாச்சியின் சிகிச்சை இன்னும் முடியவில்லை. ஆறாவது முறை மருந்து ஏற்றிவிட்டு வந்த அன்று, மாலையில் அஸர் தொழுதார். மெல்லக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தார். அவருடைய முதல் கேள்விக்கு விடை எங்கள் கண்முன்னே கிடைத்தது. மூன்றாவது கேள்விக்கான விடை அல்லாஹ்விடம் இருக்கிறது. அவருக்காகவும், இதே பாதையில் நடக்கும் எல்லா நோயாளிகளுக்காகவும் துஆச் செய்யுங்கள். உங்கள் வீட்டில் ஒருவரிடம் மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டால், அவரே பதில் சொல்லும்படி விட்டுவிட்டு, சற்று நேரம் பொறுமையாகக் காத்திருங்கள்.